கைவண்ண வாழ்த்து மடலும் தர்மக் கைங்கரியமும்

அன்னதானம், வஸ்திரதானம், வித்தியாதானம் என்று நம் பெரியோர் தானங்களை வரிசைப்படுத்தியபோது வாழ்த்து மடலுக்கு அதில் இடம் வைக்கவில்லை. வைத்திருக்கவும் முடியாது. மட்டையை மடித்துப் படம் எழுதி, உறையிலிட்டுத் தபாலில் அனுப்பும் வழக்கத்துக்கு இன்னும் இருநூறு வயதுகூட ஆகவில்லை. ஆயினும் அந்தச் சிறு மடல் உலகெங்கும் எத்தனையோ குழந்தைகளுக்குப் பாலும் மருந்தும் பள்ளிப் புத்தகமுமாக மாறியிருக்கிறது.

மொன்றியலில் பனிக்காலம் நீளமானது என்பதை அன்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகை தொடங்கிப் பங்குனி வரை வீட்டுக்குள் அடைந்திருக்கும் மூத்தோருக்கும், விடுமுறையில் தொலைக்காட்சியே கதியென்று கிடக்கும் பிள்ளைகளுக்கும் ஏற்ற ஒரு தொண்டாக மடல் செய்யும் வேலையை எண்ணிப் பார்க்கலாம். எண்ணும்போதே அதன் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. நல்ல மனத்தோடு தொடங்கும் இந்த வேலை, பசைக்கும் மினுக்குத் தூளுக்கும் செலவான பணத்தைக்கூட மீட்காமல் முடிந்துபோவதும் உண்டு.

முதல் மடல்

இலண்டனில் 1843ஆம் ஆண்டு ஹென்றி கோல் என்ற அரசாங்க அலுவலர், பண்டிகைக் காலத்தில் வந்து குவிந்த கடிதங்களுக்குப் பதில் எழுத நேரமின்றித் திண்டாடினார். 1840இல் அறிமுகமான ஒரு பென்னித் தபால் முறைக்காக உழைத்தவர்களில் அவரும் ஒருவர். தாம் வெட்டிவிட்ட வாய்க்காலில் தாமே விழுந்தார் என்று சொல்லலாம். ஜோன் கால்கொட் ஹோர்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரைவித்து, சுமார் 1000 பிரதிகளைக் கல்லச்சில் அடித்து, ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்டச் செய்தார். தமக்கு வேண்டியவை போக மிஞ்சியவை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்கப்பட்டன. அன்றைய கூலித் தொழிலாளி கிட்ட நெருங்கக்கூடிய விலையன்று அது.

அந்த மடலின் நடுவில் ஒரு குடும்பம் விருந்துண்கிறது. சிறு பிள்ளைக்கும் மதுக் கிண்ணத்தை நீட்டுகிறார்களே என்று மதுவிலக்குக்காரர் கண்டனம் எழுப்பினர். அந்தச் சண்டையே பெரிதாகப் பேசப்பட்டதால், படத்தின் இரு பக்கங்களிலும் இருந்த சிறு சித்திரங்களைப் பலர் கவனிக்காமல் விட்டனர். ஒரு பக்கம் பசித்தோருக்கு உணவு கொடுக்கிறார்கள். மறுபக்கம் ஆடையற்றோருக்கு ஆடை கொடுக்கிறார்கள். அன்னதானமும் வஸ்திரதானமும் முதல் மடலிலேயே ஓரமாக வந்து நின்றுவிட்டன.

தமிழ்நாட்டில் இந்த வழக்கம் பொங்கல் வாழ்த்து என்ற உருவில் வேரூன்றியது. மார்கழி பிறந்ததும் கடைத்தெருவின் நடைபாதைகளில் கயிறு கட்டிக் கரும்பும் பொங்கற்பானையும், காளையும் உழவனும், சாமி படங்களும் சினிமா நட்சத்திரங்களும் அரசியல் தலைவர்களுமாகத் தொங்கவிட்டிருப்பார்கள். உறையை ஒட்டாமல் அனுப்பினால் தபால் கட்டணம் குறைவு என்பதால், ஒட்டாமல் மடக்கிச் செருகிய உறைகளே வீட்டுக்கு வீடு வந்து விழும். தொலைபேசியும் பின்னர் கைத்தொலைபேசியும் பரவிய பிறகு அந்தக் கயிற்றுக் கடைகள் அருகிவிட்டன. அந்த மடல்கள் எவையும் தர்மத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஆனால் வாழ்த்து அனுப்புவது நம்மவருக்குப் புதிதல்ல என்பதற்கு அவை சாட்சி.

கண்ணாடியில் எழுதிய படம்

மடலையும் தர்மத்தையும் சேர்த்துக் கட்டியது ஒரு 7 வயதுச் சிறுமியின் கை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை குழந்தைகளுக்கென ஒரு நிதியத்தை ஏற்படுத்தியது. அதுவே யுனிசெப். போரில் நைந்துபோன ஐரோப்பிய நாடுகளின் பிள்ளைகளுக்குப் பாலும் உணவும் மருந்தும் அனுப்பியது. அவ்வாறு உதவி பெற்ற ஊர்களில் ஒன்று செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்த ருடல்போவ். அங்கே படித்த ஜித்கா சம்கோவா என்ற சிறுமி நன்றி சொல்ல விரும்பி ஒரு படம் வரைந்தாள். காகிதத் தட்டுப்பாடு நிலவிய காலம். ஆகவே ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வண்ணம் தீட்டினாள். கம்பம் ஒன்று நட்டு, அதைச் சுற்றிப் பிள்ளைகள் கைகோத்து ஆடும் காட்சி அது.

அவளுடைய ஆசிரியர் அதை யுனிசெப்பின் அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். 1949இல் அந்தப் படம் மடலாக அச்சேறியது. யுனிசெப்பின் மடல் விற்பனை முழுவதும் அந்த ஒரு கண்ணாடித் துண்டிலிருந்து முளைத்தது. பின்னாளில் பிக்காசோ, மத்தீஸ், ஷகால், டியூபி போன்ற புகழ்பெற்ற ஓவியர்களின் படங்களும் அந்த மடல்களில் வெளிவந்தன. 1965இல் யுனிசெப்புக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. கனடாவில் 1955 முதல் அதற்கெனத் தனி அமைப்பு உண்டு. அக்டோபர் முடிவில் பேய்வேடமிட்டு வரும் பிள்ளைகளின் கழுத்தில் தொங்கிய சில்லறைப் பெட்டியையும், நத்தார்க் காலத்தில் தொண்டர்கள் மேசை போட்டு விற்ற மடல்களையும் இந்நகரில் நெடுங்காலம் வாழ்ந்த அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜித்கா சம்கோவா பணம் திரட்ட வரையவில்லை. பெற்றதற்கு நன்றி சொல்ல வரைந்தாள். உதவி பெற்ற கை எழுதிய படத்தை வைத்து மற்றவருக்கு உதவி திரட்டினார்கள். அகதிகளாக வந்து, இந்நாட்டின் குளிருக்கு யாரோ கொடுத்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு முதல் பனிக்காலத்தைக் கழித்த குடும்பங்கள் நம்மிடையே குறைவல்ல. அவர்களுக்கு இந்தச் சிறுமியின் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மின்னஞ்சல் வந்தபின் மடல் வாங்குவோர் குறைந்தனர். 2010களில் யுனிசெப் மடல் வியாபாரத்தைத் தானே நடத்துவதைக் கைவிட்டு, உரிமத்தை வணிக நிறுவனங்களிடம் கொடுத்தது. அச்சு மடலை விற்றுப் பெருநிதி திரட்டும் காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது என்றே கொள்ளலாம். கையால் செய்த மடலின் நிலை வேறு. அதைப் பின்னர் பார்ப்போம்.

ஐம்பது ரூபாய் முதல்

இந்தியாவில் இதே வழியில் நடந்தவர் ரிப்பன் கபூர். ஏர் இந்தியா விமானங்களில் பணிபுரிந்த இளைஞர். 1979இல் நண்பர்கள் சிலரோடு தாயாரின் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி அமர்ந்து, 50 ரூபாய் முதலோடு ‘கிரை’ என்ற குழந்தைகள் நல அமைப்பைத் தொடங்கினார். கொடையாளரைத் தேடிக் கையேந்துவதைவிட, மக்கள் எப்படியும் வாங்கப்போகும் ஒரு பொருளை அவர்களுக்கு விற்பதே மேல் என்ற எண்ணத்தில் வாழ்த்து மடலைத் தேர்ந்தெடுத்தனர். பல ஆண்டுகள் இந்திய நகரங்களில் தீபாவளிக்கும் புத்தாண்டுக்கும் கிரை மடல் வாங்குவது ஒரு வழக்கமாகவே இருந்தது. ரிப்பன் கபூர் 1994இல் நாற்பது வயதில் காலமானார். அமைப்பு இன்றும் இயங்குகிறது.

இன்னொரு வகையினரும் உண்டு. ஜெர்மானிய ஓவியர் எரிக் ஸ்டெக்மன் இளம்பிள்ளைவாதத்தால் கைகளின் இயக்கத்தை இழந்தவர். தூரிகையை வாயால் பற்றி வரைந்தார். தம்மைப் போன்றோரைச் சேர்த்து 1950களில் வாயாலும் காலாலும் ஓவியம் தீட்டுவோர் சங்கத்தை நிறுவினார். அவர்களுடைய மடல்கள் கனடாவிலும் பல வீடுகளுக்குத் தபாலில் வந்ததுண்டு. அதைத் தர்மம் என்று அழைக்க அவர்கள் சம்மதிப்பதில்லை. தம் உழைப்பின் விலையைத்தான் கேட்கிறார்கள். இந்த வேறுபாடு நம் சங்கத்தாரும் மனத்திற் கொள்ளத்தக்கது: மடலை வாங்குபவர் இரக்கப்பட்டு வாங்கினால் ஒருமுறைதான் வாங்குவார், மடல் அழகாயிருந்தால் அடுத்த ஆண்டும் வருவார்.

இந்நகரத்துக் கைகள்

மொன்றியலுக்கும் இந்த விஷயத்தில் சொந்தக் கதைகள் உண்டு. 1970களின் நடுவில் இந்நகரத் தபால் ஊழியர் சிலர், நத்தார்த் தாத்தாவுக்கு எழுதப்பட்ட கடிதங்கள் சேர்ப்பிக்க முடியாதவை என்று ஒதுக்கப்படுவதைக் கண்டு மனம் பொறாமல், தாங்களே பதில் எழுதத் தொடங்கினர். ஒருவரும் அவர்களைக் கேட்கவில்லை, சம்பளமும் இல்லை. அந்த வேலை வளர்ந்து 1980களில் கனடாத் தபால் துறையின் நாடு தழுவிய திட்டமாயிற்று. எச்0எச் 0எச்0 என்ற வேடிக்கையான தபாற் குறியீடும் அதற்குக் கிடைத்தது. இப்போது ஆண்டுதோறும் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட கடிதங்களுக்குப் பல மொழிகளிலும், பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பிரெயில் எழுத்திலும் தொண்டர்கள் பதில் எழுதுகிறார்கள்.

1954இல் கிளார்க் வீதியைச் சேர்ந்த சிறுவர் சிலர் கையால் எழுதிய ஒரு தெருப் பத்திரிகையை நடத்தினார்கள். அந்தச் சிறுவர்களுள் ஒருவரான சிட் ஸ்டீவன்ஸ் பின்னர் வளர்த்தெடுத்ததே சன் யூத் நிறுவனம். உணவுப் பொட்டலமும் பனிக்கால உடையும் நத்தார்க் கூடையும் கொடுத்து அது தாங்கிய குடும்பங்களில் புதிதாகக் குடியேறியோரும் பலர். பென்சிலும் காகிதமும் கொண்டு பிள்ளைகள் செய்த ஒரு விளையாட்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

தீவின் மேற்கு முனையில், செயின்ட் ஆன் த பெல்வியூவில், 1917இல் படைவீரர்களுக்கென ஒரு மருத்துவமனை கட்டப்பட்டது. மத்திய அரசாங்கத்தின் கையிலிருந்த படைவீரர் மருத்துவமனைகளில் கடைசியானது அது. 2016 ஏப்ரலில் கியூபெக் அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. முன்னாள் படைவீரர் நலத்துறை ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளும் பொதுமக்களும் கையால் செய்த காதலர் தின மடல்களைப் பெற்று, நாடெங்கும் பராமரிப்பு இல்லங்களில் இருக்கும் முதிய வீரர்களுக்குச் சேர்ப்பிக்கிறது. காதலர் தினம் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்கள் முகத்தைச் சுளிப்பதுண்டு. இந்நாட்டில் அன்று பாட்டிக்கும் ஆசிரியைக்கும் அடுத்த வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும்கூட மடல் கொடுப்பார்கள் என்பதை அறிந்தால் சுளிப்பு நீங்கும். இங்கே மடல் காசாக மாற வேண்டியதே இல்லை. மடலேதான் தானம்.

துணியிலிருந்து காகிதம்

மடலுக்கு மூலப்பொருள் காகிதம். மொன்றியலில் முதலில் வந்திறங்கிய நம்மவர், அதிலும் பெண்கள், பலர் தையல் தொழிற்சாலைகளில் உழைத்தவர்கள். வெட்டுமேசையிலிருந்து விழும் பருத்தித் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கட்டப்படுவதைத் தினமும் கண்டவர்கள். அத்தகைய துண்டுகளிலிருந்தே காகிதம் செய்ய, லஷீன் கால்வாய்க் கரையில் 1979இல் செந்தர்மான் காகிதப் பட்டறையை நிறுவினார் டேவிட் கருதர்ஸ். துணியைச் சிறு துண்டுகளாக்கி, நீரோடு சுழலும் இயந்திரத்தில் மணிக்கணக்காக அடித்துக் கூழாக்கி, கம்பி வலைச் சட்டத்தால் அள்ளி, நீர் வடித்து, அழுத்தி உலர்த்துவது முறை. நீலக் காற்சட்டைத் துணியிலிருந்து எடுத்த கூழ் தானே நீலச் சாயல் காட்டும், சாயம் வேண்டியதில்லை.

புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்கூடமும் 1959 முதல் பருத்திக் கந்தலையே மூலமாகக் கொண்டு காகிதம் செய்துவருகிறது. கூழில் பூவிதழும் வைக்கோலும் கலந்து அவர்கள் செய்யும் தாள்கள் வெளிநாடுகளுக்கும் போகின்றன. கியூபெக்கின் சார்லுவா பகுதியில் 1965இல் பெலிக்ஸ் அந்துவான் சவார் என்ற பாதிரியார் தொடங்கிய சென் ஜில் பட்டறையிலும் அவ்வூர்க் காட்டுப்பூவும் இலையும் காகிதத்தில் சேர்க்கப்பட்டன. ஒருவரையொருவர் பார்த்துச் செய்ததாகத் தெரியவில்லை. கடலுக்கு அப்பாலும் இப்பாலும் ஒரே புத்தி!

வீட்டிலும் பழைய காகிதத்தை இரவு முழுதும் ஊறவைத்து அரைத்து, கொசுவலை கட்டிய சட்டத்தில் வார்த்து எடுக்கலாம். பிள்ளைகள் மிக விரும்புவார்கள். ஆனால் அதற்கென்று பழைய அரைக்கும் இயந்திரம் ஒன்றை ஒதுக்கிவிட வேண்டும். மறுநாள் அதிலேயே சம்பல் அரைத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

செய்முறையில் சில நுணுக்கங்கள்

எட்டரை அங்குல அகலமும் 11 அங்குல நீளமும் கொண்ட சாதாரணத் தாள் அளவு மட்டையைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் நடுவில் மடித்தால் இரு மடல்கள். நாலேகால் அங்குலத்துக்கு ஐந்தரை அங்குலம். அதற்கேற்ற உறை எந்தக் கடையிலும் கிடைக்கும். மட்டைக்கு இழையோட்டம் உண்டு. இரு திசையிலும் மெதுவாக வளைத்துப் பார்த்து, எளிதாக வளையும் திசையில் மடித்தால் விளிம்பு வெடிக்காது. மடிப்பின் மேல் கரண்டியின் பின்புறத்தால் ஒருமுறை அழுத்தித் தேய்க்க வேண்டும். கடை மடலுக்கும் வீட்டு மடலுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதி இந்த ஒரு தேய்ப்பில் இருக்கிறது.

பொத்தான், மணி, சரிகை என்று ஒட்டுவதில் ஆசை அதிகம். கனடாத் தபாலில் சாதாரணக் கடிதம் 5 மில்லிமீற்றர் தடிப்புக்கும், 245க்கு 156 மில்லிமீற்றர் அளவுக்கும் உட்பட வேண்டும். 30 கிராமுக்கு மேல் எடை கூடினால் கட்டணம் ஏறும். அதற்கு மேல் தடிப்பாக மடல் செய்து விற்றால், வாங்கியவர் அதை அனுப்பக் கூடுதல் முத்திரை ஒட்ட வேண்டும். மறுமுறை வாங்க மாட்டார்.

மருத்துவமனைக்குப் போகும் மடல்களில் மினுக்குத் தூள் கூடவே கூடாது. அது உதிர்ந்து படுக்கையிலும் கண்ணிலும் மூச்சிலும் போகும். ‘விரைவில் குணமடைக’ என்றும் எழுதாதிருப்பது நலம். நீண்டநாள் நோயில் இருக்கும் குழந்தைக்கும், குணமாக வழியில்லாத முதியவருக்கும் அந்த வரி சுடும். ‘உங்களை நினைத்துக்கொள்கிறோம்’ என்ற சொல் எவரையும் சுடாது. நகரத்து இல்லங்களுக்குப் போவதென்றால் பிரெஞ்சிலும் ஒரு வரி வேண்டும். அதை எழுதித்தரப் பள்ளிப் பிள்ளைகளே போதும். அவர்களுடைய பிரெஞ்சு பெற்றோரின் பிரெஞ்சைவிடச் சுத்தமானது. பதிலுக்குத் தமிழில் ஒரு வரி எழுதப் பிள்ளைகளுக்குத் தாத்தாவோ அப்பம்மாவோ சொல்லிக்கொடுக்கலாம்.

என்ன படம் போடுவது? பிள்ளையார் படமும் இலட்சுமி படமும் அழகுதான். ஆனால் மடல் என்பது ஒருநாள் குப்பைக்குப் போகும் பொருள். சாமி படமுள்ள மடலை எறியவும் மனமின்றி, வைக்கவும் இடமின்றி இழுப்பறையில் அடுக்கிவைத்திருக்கும் வீடுகள் பல. ஆகவே குத்துவிளக்கு, மாவிலைத் தோரணம், நிறைகுடம், தாமரை, கோலம் ஆகியவை தகும். கறுப்பு அல்லது கருநீல மட்டையில் வெள்ளை மைப் பேனாவால் 7 புள்ளி வைத்து நாலில் முடியும் இடைப்புள்ளிக் கோலம் போட்டால், தமிழ் அறியாத அயலவரும் கையிலெடுத்துப் பார்ப்பார்கள். மஞ்சளும் குங்குமமும் தடவுவது வேண்டாம். மஞ்சள் வெயிலில் வெளிறும், குங்குமம் பக்கத்து மடலில் அப்பும். புரட்டாசி, ஐப்பசியில் தெருவெல்லாம் கிடக்கும் மேப்பிள் இலையைத் தடித்த புத்தகத்துள் இரண்டு வாரம் வைத்து உலர்த்தினால் அதுவே பெரிய அலங்காரம், செலவும் இல்லை.

கணக்கு

ஒரு மடலுக்கு மட்டையும் உறையும் பசையுமாக 60 சதம் ஆகிறது என்றும், அதை 3 டொலருக்கு விற்கிறோம் என்றும் வைத்துக்கொள்வோம். 100 மடல் விற்றால் தர்மத்துக்கு 240 டொலர். ஒரு மடலுக்கு அரைமணி நேரமென்றால் 50 மணி நேர உழைப்பு. அந்த 50 மணி நேரத்தை வெளியே கூலிக்கு உழைத்து அந்தப் பணத்தைக் கொடுத்தால் பன்மடங்கு கொடுக்கலாமே என்று யாராவது கேட்பார்கள், கேட்பது நியாயம். வேலைக்குப் போகக்கூடியவருக்கு அது சரியான கணக்குத்தான். ஆனால் மொழி தெரியாமல், பனியில் வெளியே இறங்க அஞ்சி, பேரப்பிள்ளை பள்ளி விட்டு வரும் வரை சன்னலருகே அமர்ந்திருக்கும் மூதாட்டியின் 50 மணி நேரத்துக்கு இந்நகரில் வேறு விலை கொடுப்பார் யாருமில்லை. அவருடைய கோலக் கையோ எந்த அச்சகத்திலும் கிடைக்காதது. அச்சு மடல் விலை போகாத இக்காலத்திலும் கைமடலுக்கு மதிப்பிருப்பது இதனாலேயே.

பணமாகக் கொடுப்பதா, மடலாகவே கொடுப்பதா என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். விற்பதென்றால் எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு என்பதை மேசையிலேயே எழுதிவைப்பது முறை. வருமானவரிப் பற்றுச்சீட்டைப் பற்றியும் தெளிவு வேண்டும். கனடாச் சட்டப்படி, செய்துகொடுத்த உழைப்புக்குப் பற்றுச்சீட்டு இல்லை. உழைப்பு நன்கொடையாகக் கணக்கிடப்படாது. 3 டொலர் பெறுமதியான மடலை 3 டொலருக்கு வாங்கியவருக்கும் இல்லை. அவர் கொடுத்த விலைக்குப் பொருளைப் பெற்றுக்கொண்டார். மடலை எடுக்காமல் பணத்தை மட்டும் பதிவுபெற்ற தர்ம நிறுவனத்துக்குக் கொடுத்தவருக்கே முழுத் தொகைக்கும் உண்டு. இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வைகாசியில் வீண் மனஸ்தாபம் வரும்.

நத்தாருக்கு விற்க வேண்டிய மடல்கள் கார்த்திகை நடுவில் தயாராயிருக்க வேண்டும்; மார்கழி பிறந்தபின் வாங்குவோர் குறைவு. முதிய வீரர்களுக்கான மடல்களுக்குத் தவணை ஜனவரி. பள்ளி விடுமுறையில் ஒரு பிற்பகல் பிள்ளைகளையும் பாட்டிமாரையும் ஒரே மேசையில் அமர்த்தி, கோலப்புள்ளிகளைப் பென்சிலால் முன்கூட்டியே குறித்துவைத்துவிட்டால், தைப்பொங்கலுக்கு அடுத்த நாட்களில் அவற்றைத் தபாலிற் சேர்த்துவிடலாம். வெள்ளை மைப் பேனா நான்கைந்து பேருக்கு ஒன்று என்ற அளவில் போதும். மை காய நேரமெடுக்கும் என்பதால் ஒருவர் போட்டுமுடித்து மற்றவரிடம் கொடுக்கலாம்.